பிளாக் செய்தாலும் புது ஐடியில் வருகிறார்: என்ன செய்யலாம்?

கல்லூரியில் கூடப் படித்த ஒருவர் ஒரு வருடமாக இன்ஸ்டாகிராமில் தொல்லை கொடுக்கிறார், பிளாக் செய்தால் புது ஐடியில் வருகிறார், இப்போது உங்கள் போட்டோவையே வைத்து ஒரு ஃபேக் ஐடி தொடங்கி உங்கள் தோழிகளுக்கு மெசேஜ் அனுப்புகிறார், ரிப்போர்ட் செய்ததற்கு 'விதிமீறல் இல்லை' என்று பதில் வந்துவிட்டது, வீட்டில் சொல்லப் பயமாக இருக்கிறது, பேசாமல் அக்கவுண்டையே அழித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அழிக்க வேண்டாம். நீங்கள் உங்கள் அக்கவுண்டை அழித்தால் அந்த ஃபேக் ஐடி அழியாது. உங்கள் பெயரில் இன்ஸ்டாகிராமில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான் என்றாகிவிடும். எது நிஜம், எது போலி என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தோழிகளுக்கும் வழி இருக்காது. உங்கள் இன்பாக்ஸில் இருக்கும் அவருடைய மெசேஜ்களும் போய்விடும். அவைதான் இப்போதைக்கு உங்களிடம் இருக்கும் சாட்சி.

இதுவரை நீங்கள் செய்ததில் தவறு எதுவும் இல்லை. ஆனால் இப்படி விடாமல் துரத்தும் ஆள் விஷயத்தில் பிளாக் முதலில் வரக்கூடாது, கடைசியில் வர வேண்டும். முதலில் ஆதாரம், பிறகு ஒரே ஒரு தெளிவான மறுப்பு, அதன்பின் ரிப்போர்ட், அப்புறம் பிளாக். போலீஸ் புகாரை இவற்றோடு சேர்த்தே செய்யலாம், எல்லாம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. முன்பின் தெரியாத யாரோ "ஹாய் டியர், சாப்டாச்சா" என்று அனுப்பினால் இந்த வரிசையெல்லாம் தேவையில்லை. யோசிக்காமல் பிளாக் செய்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அதற்கு யாருக்கும் காரணம் சொல்ல வேண்டிய கடமையும் கிடையாது.

ஆதாரத்தை ஏன் முதலில் எடுக்கச் சொல்கிறேன் என்றால், இன்ஸ்டாகிராமில் ஒருவரை பிளாக் செய்த உடனே அவர் உங்கள் படங்களுக்குப் போட்ட லைக், கமெண்ட் எல்லாம் நீங்கிவிடும். பிறகு அன்பிளாக் செய்தாலும் அவை திரும்பி வராது. ஆபாசமாகவோ மிரட்டியோ கமெண்ட் போட்டிருந்தால், பிளாக் பட்டனைத் தொட்ட அந்த நொடியில் அது உங்கள் பக்கத்திலிருந்து போய்விடுகிறது. அதுபோக யூசர்நேமை யாரும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். வெறும் பெயரை மட்டும் எழுதி வைத்திருந்தால் அடுத்த வாரம் அந்தப் பெயரில் ஆளே இருக்கமாட்டார்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். அந்த ஐடியின் முகப்புப் பக்கத்தை யூசர்நேம் தெளிவாகத் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். புரொஃபைல் லிங்கைக் காப்பி செய்து, தேதியோடு ஒரு குறிப்பில் ஒட்டி வையுங்கள். முகப்பில் மேலே உள்ள மெனுவில் 'இந்த அக்கவுண்டைப் பற்றி' என்ற பகுதி இருக்கும். ஐடி எந்த மாதம் தொடங்கப்பட்டது, எந்த நாட்டிலிருந்து இயங்குகிறது என்பதை அது காட்டும், அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். மெசேஜ்களைத் துண்டு துண்டாக எடுக்காமல், மேலிருந்து கீழே வரை நகர்த்தியபடி ஸ்க்ரீன் ரெக்கார்டிங் எடுப்பது நல்லது. நடுவில் எதையோ வெட்டிவிட்டார்கள் என்று யாரும் பேச முடியாது. நீங்கள் கோபத்தில் திட்டியிருந்தால் அதையும் சேர்த்தே வையுங்கள், அழிக்க வேண்டாம். மின்னணுப் பதிவுகளைக் கோர்ட்டில் ஆதாரமாகக் கொடுக்கும்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் தர வேண்டும். எந்தக் கருவியிலிருந்து எடுத்தது என்ற விவரம் அதில் வரும். ஆகவே வழக்கு என்று ஒன்று வந்து முடியும்வரை இந்த போனை விற்கவோ, எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவோ, ரீசெட் செய்யவோ கூடாது.

ஃபேக் ஐடி நடத்துபவர்கள் முதல் வேலையாக, யாருடைய பெயரைத் திருடினார்களோ அவரை பிளாக் செய்துவிடுவார்கள். உங்கள் போனில் எவ்வளவு தேடினாலும் அது வராது. ஆக, மெசேஜ் வந்த தோழி ஒருத்தியிடம் சொல்லி அவள் போனிலிருந்து லிங்க்கையும் ஸ்க்ரீன்ஷாட்டையும் வாங்குங்கள். அவளுக்கு வந்த மெசேஜ்களையும் அவள் அழிக்காமல் வைத்திருக்கட்டும்.

அடுத்தது மறுப்பு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 2013-இல் சேர்க்கப்பட்ட பின்தொடர்தல் குற்றம், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 78ஆம் பிரிவாக இருக்கிறது. ஒரு பெண் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு ஆண் திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டால், அல்லது அவளுடைய இணையப் பயன்பாட்டைக் கண்காணித்தால், அது குற்றம். முதல் முறை தண்டனை பெற்றால் 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும், மறுபடியும் தண்டனை பெற்றால் 5 ஆண்டு வரை. 'தெளிவாகக் காட்டிய பிறகும்' என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பிளாக் செய்ததே விருப்பமின்மையைக் காட்டுகிறது. ஆனாலும் எழுத்தில் ஒரு வரி இருந்தால் "அவளும் பேசிக்கொண்டுதான் இருந்தாள்" என்ற வழக்கமான பேச்சுக்கு இடமில்லாமல் போகும். "எனக்கு உங்களோடு பேச விருப்பமில்லை. எந்த ஐடியிலிருந்தும் இனி என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம்." இது போதும். காரணம் சொல்லாதீர்கள், ப்ளீஸ் போடாதீர்கள், அவர் பதிலுக்கு என்ன எழுதினாலும் மறுபடி ஒரு எழுத்துகூடத் தட்டாதீர்கள். அனுப்பியதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். மிரட்டும் ஆளாக இருந்து, இந்த ஒரு வரி அனுப்பக்கூடப் பயமாக இருந்தால், அனுப்ப வேண்டாம். நேராகப் புகாருக்குப் போங்கள்.

இப்போது ரிப்போர்ட். 'விதிமீறல் இல்லை' என்று பதில் வந்ததற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் இருக்கும். ஒன்று, தவறான தலைப்பைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். 'பிடிக்கவில்லை', 'ஸ்பேம்' என்று போட்டால், ஒரு பெண்ணின் சாதாரண போட்டோக்கள் இருக்கும் பக்கத்தைப் பார்த்து அதில் ஸ்பேம் எதுவும் இல்லை என்றுதான் முடிவு வரும். நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது 'வேறொருவராக நடிக்கிறார்' என்ற தலைப்பு, அதற்குள் 'நான்' என்ற பதில். இரண்டாவது காரணம், தோழிகளைவிட்டு ரிப்போர்ட் செய்ய வைப்பது. ஐம்பது பேர் சேர்ந்து ரிப்போர்ட் அடித்தால் ஐடி பறந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை நம் ஊரில் வேரூன்றி இருக்கிறது. ரிப்போர்ட் எண்ணிக்கையை வைத்து எதையும் நீக்குவதில்லை என்று இன்ஸ்டாகிராமே சொல்கிறது. ஆள்மாறாட்டம் என்றால், யாராக நடிக்கிறார்களோ அவரோ, பெற்றோர் போல அவர் சார்பில் பேசக்கூடியவரோ கொடுக்கும் புகாரைத்தான் அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஐம்பது தோழிகள் கொடுக்கும் ரிப்போர்ட்டைவிட நீங்கள் ஒருவர் சரியாகக் கொடுப்பது மேல். அந்த ஐடி உங்களை பிளாக் செய்திருந்தாலும் இன்ஸ்டாகிராமின் உதவிப் பக்கத்தில் ஆள்மாறாட்டத்துக்கென்றே ஒரு படிவம் இருக்கிறது. தோழியிடம் வாங்கிய யூசர்நேமை அதில் கொடுத்து, கேட்டால் போட்டோ உள்ள ஓர் அடையாள அட்டையையும் இணைக்கலாம். நீங்கள்தான் ரிப்போர்ட் செய்தீர்கள் என்பது எதிராளிக்குத் தெரிவிக்கப்படாது. பதிப்புரிமை போன்ற அறிவுசார் சொத்துப் புகார்கள் மட்டுமே அதற்கு விலக்கு.

அப்படியும் நிராகரித்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். முதலில் செட்டிங்ஸில் உள்ள 'சப்போர்ட் ரிக்வெஸ்ட்ஸ்' பகுதிக்குப் போய் மறுபரிசீலனை கேளுங்கள். அடுத்து, இந்தியாவில் இயங்கும் ஒவ்வொரு சமூக ஊடக நிறுவனமும் ஒரு குறைதீர்ப்பு அதிகாரியை வைத்திருக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப (ஐ.டி.) விதிகள் சொல்கின்றன. அவருடைய தொடர்பு விவரம் அந்தந்தத் தளத்தின் உதவிப் பக்கத்தில் இருக்கும். அந்தரங்கப் படம், ஆள்மாறாட்டம், மார்ஃபிங் செய்த படம் ஆகியவற்றைப் பற்றிப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் வேறொருவரோ புகார் கொடுத்தால், 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அந்த விதிகள் கெடு வைத்தன. பிறகு வந்த திருத்தங்கள் கெடுக்களைக் குறைத்தனவே தவிர நீட்டவில்லை. உங்கள் புகாரில் "என் பெயரிலும் படத்திலும் ஆள்மாறாட்டம், ஐ.டி. விதிகள் 2021, விதி 3(2)(ஆ)" என்று எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் 'ஆ' இருக்கும் இடத்தில் 'பி' வரும். விதி எண்ணோடு போகும் புகாரை, மெஷின் தரும் வழக்கமான பதிலோடு தள்ளிவிடுவது கடினம். அதிலும் திருப்தி இல்லையென்றால், 2023-இல் மத்திய அரசு அமைத்த மேல்முறையீட்டுக் குழுவிடம் 30 நாளுக்குள் ஆன்லைனிலேயே முறையிடலாம். இப்படியொரு குழு இருப்பதே பலருக்குத் தெரியாது.

ஆதாரம் எடுத்து, ரிப்போர்ட் கொடுத்த பிறகு பிளாக் செய்யுங்கள். இன்ஸ்டாகிராமில் பிளாக் செய்யும்போது, 'அவர் வைத்திருக்கும் மற்ற கணக்குகளையும் இனித் தொடங்கும் கணக்குகளையும் சேர்த்து' என்ற தேர்வு வரும். அதைத் தேர்ந்தெடுங்கள். வேறு மெயில், வேறு நம்பர், வேறு போன் என்று போனால் அவர் இதையும் தாண்டி வரலாம். ஆகவே ஆளைத் துரத்துவதைவிட வாசலை அடைப்பதுதான் பலன் தரும். அக்கவுண்டை பிரைவேட் ஆக்குங்கள். உங்களை ஃபாலோ செய்யாதவர்களிடமிருந்து மெசேஜ் ரிக்வெஸ்ட்டே வராதபடி மாற்றுங்கள். டேக், மென்ஷன், கமெண்ட் மூன்றையும் நீங்கள் ஃபாலோ செய்பவர்களுக்கு மட்டும் விடுங்கள். பிறகு ஒரு மாலை நேரம் ஒதுக்கி உங்கள் ஃபாலோயர் பட்டியலை ஒவ்வொரு பெயராகப் பாருங்கள். யாரென்று தெரியாத ஐடி, படமே போடாத ஐடி, பூ படமோ நடிகர் படமோ டிபியாக வைத்த ஐடி எல்லாவற்றையும் நீக்குங்கள். நீக்கியது அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் எத்தனை முறை பிளாக் செய்தாலும் உங்கள் ஸ்டோரியில் போட்டது அந்த ஆளுக்குத் தெரிகிறது என்றால், அநேகமாக அந்தப் பட்டியலுக்குள்ளேயே ஓர் ஐடி உட்கார்ந்திருக்கிறது, அல்லது பொதுவான நண்பர் ஒருவர் சொல்கிறார்.

கூடப் படித்தவர் என்பதால் இன்னொன்றையும் பாருங்கள். எப்போதாவது உங்கள் போன் அவர் கையில் இருந்திருக்கலாம். இன்ஸ்டாகிராமில் எந்தெந்தக் கருவிகளில் லாகின் ஆகியிருக்கிறது, வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் பட்டியலில் என்ன இருக்கிறது என்று சரிபார்த்து, தெரியாததை வெளியேற்றுங்கள். பாஸ்வேர்டை மாற்றி, லாகின் செய்யும்போது பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் டூ ஃபாக்டர் வசதியைப் போடுங்கள்.

ஒவ்வொரு தளத்திலும் பிளாக் ஒவ்வொரு மாதிரி வேலை செய்கிறது. வாட்ஸ்அப்பில் பிளாக் செய்தவர் உங்களுக்கு மெசேஜோ காலோ செய்ய முடியாது, ஆனால் இருவரும் ஒரே குரூப்பில் இருந்தால் அங்கே ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியும். பழைய கிளாஸ் குரூப்பில் அவரும் இருந்தால் அட்மினிடம் பேசுங்கள், அல்லது நீங்கள் வெளியே வந்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் செய்தால் அவர் கடைசியாக அனுப்பிய ஐந்து மெசேஜ்கள் வரை நிறுவனத்துக்குப் போகும், அவருக்குத் தெரியாது. அப்போது சாட்டையும் சேர்த்து அழிக்கட்டுமா என்று ஒரு டிக் பெட்டி இருந்தால், அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். ஃபேஸ்புக்கில் 'என்ன எழுதுகிறார் என்று பார்ப்போமே' என்று ஒரு தடவை அன்பிளாக் செய்தால், மறுபடி பிளாக் செய்ய 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். எக்ஸ் தளத்தில் 2024 நவம்பருக்குப் பிறகு, பிளாக் ஆனவரும் உங்கள் பொதுப் பதிவுகளைப் படிக்க முடியும், பதில் போடத்தான் முடியாது. அங்கே மறைந்திருக்க வேண்டுமென்றால் அக்கவுண்டைப் பூட்டித்தான் ஆக வேண்டும்.

பிளாக் செய்தால் வீட்டில் சண்டை வரும் என்ற நிலையில் இருக்கும் உறவினர்களுக்கு இன்ஸ்டாகிராமின் 'ரெஸ்ட்ரிக்ட்' நல்ல வழி. ஒவ்வொரு படத்துக்கும் உடுப்பைப் பற்றிக் கருத்து சொல்லும் பெரியப்பா மகனின் கமெண்ட் அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. அவர் மெசேஜ் தனி இடத்துக்குப் போய்விடும், நீங்கள் படித்தீர்களா என்பதும் அவருக்குத் தெரியாது. உங்களைத் துரத்தும் ஆளுக்கு இது போதாது.

போலீஸ் பக்கம் வருவோம். வெறுமனே எரிச்சலூட்டும் மெசேஜ் அனுப்புவதைக் குற்றமாக வைத்திருந்த ஐ.டி. சட்டத்தின் 66ஏ பிரிவை 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அதனால் "மோசமாகப் பேசுகிறார்" என்று மட்டும் எழுதினால் புகார் பலவீனமாக இருக்கும். உங்கள் விஷயம் அதைவிடப் பெரியது. திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது முன்பு சொன்ன பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் வரும். உங்களைப் போல நடித்து மற்றவர்களை ஏமாற்றுவது ஐ.டி. சட்டம் 66டி பிரிவில் வரும், அதற்கு 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆபாசப் படம் பரப்பினால் 67, 67ஏ பிரிவுகள் சேரும். நீங்கள் பிரிவுகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். நடந்ததைத் தேதி வரிசையில், எந்தெந்த ஐடி, என்ன மெசேஜ், எந்தத் தேதியில் வேண்டாம் என்று சொன்னீர்கள், அதன்பின் எத்தனை ஐடியில் வந்தார் என்று ஒன்றிரண்டு பக்கத்தில் எழுதினால், பிரிவுகளை அவர்கள் போட்டுக்கொள்வார்கள்.

தேசிய சைபர் குற்றப் புகார் தளமான சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்-இல் வீட்டிலிருந்தே புகார் பதியலாம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களுக்கு அங்கே தனிப் பிரிவு உண்டு. பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம், ஆனால் உங்கள் விஷயத்தில் பெயரோடு கொடுங்கள், அப்போதுதான் புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று தொடர்ந்து பார்க்க முடியும். 1930 என்ற எண் பணம் பறிபோனால் உடனே கூப்பிட வேண்டியது. அந்த ஃபேக் ஐடி உங்கள் பெயரில் தோழிகளிடம் ஜிபே கேட்டு யாராவது அனுப்பியிருந்தால், அனுப்பியவர் நேரம் கடத்தாமல் அந்த எண்ணுக்குப் பேசட்டும். நேரில் போவதென்றால் உங்கள் மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கோ அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கோ போகலாம். பின்தொடர்தல் புகாரில் பெண்ணின் வாக்குமூலத்தை ஒரு பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, தயங்காமல் கேளுங்கள். 'இது எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்பவும் முடியாது, எந்த இடத்தில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிந்தாக வேண்டும் என்று குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. எஃப்.ஐ.ஆர். போட்டால் நகல் இலவசம். உடனே போடவில்லை என்றால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதையாவது வாங்காமல் வெளியே வராதீர்கள். நிலையத்தில் பதிய மறுத்தால் அதே புகாரைத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பலாம்.

இதில் தாமதிக்கக் கூடாது. ஃபேக் ஐடி நீக்கப்பட்டாலும் அதன் விவரங்களை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று ஐ.டி. விதிகள் நிறுவனங்களுக்குச் சொல்கின்றன. அந்த ஐடி எந்த நம்பரில் தொடங்கப்பட்டது, எங்கிருந்து இயக்கப்பட்டது என்று போலீஸ் கேட்டு வாங்குவது அந்தப் பதிவிலிருந்துதான். ஐடி போய்விட்டதே, இனி எதற்குப் புகார் என்று ஆறு மாதம் விட்டுவிட்டால், யார் செய்தது என்று நிரூபிக்கும் வழி மூடிக்கொள்ளலாம்.

அந்தரங்கப் படம் தன்னிடம் இருக்கிறது என்று அவர் மிரட்டினால், அல்லது ஏ.ஐ. வைத்து உருவாக்கிய படத்தைக் காட்டி மிரட்டினால், பணம் கொடுக்காதீர்கள், அவர் கேட்பது எதற்கும் சம்மதிக்காதீர்கள். ஒரு தடவை கொடுத்தவரிடம் மறுபடியும் கேட்பார்கள். ஸ்டாப்என்சிஐஐ என்ற தளத்தில், படத்தை எங்கும் அனுப்பாமலேயே உங்கள் போனிலேயே அதற்கு ஒரு டிஜிட்டல் அடையாளக் குறி உண்டாக்கலாம். குறி மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட தளங்களுக்குப் போகும், அதே படத்தை அங்கே யாராவது ஏற்ற முயன்றால் தடுக்க உதவும். இது 18 வயது நிறைந்தவர்களுக்கு. அதற்குக் குறைந்தவர்களுக்கு 'டேக் இட் டவுன்' என்ற சேவை இருக்கிறது, குழந்தைகள் உதவி எண் 1098-ம் இருக்கிறது. படத்தை ஆதாரம் என்று நினைத்துத் தோழிகளுக்கு ஃபார்வேர்டு செய்ய வேண்டாம். "நாங்கள் ஐடியை ஹேக் செய்து தூக்கித் தருகிறோம், இவ்வளவு கொடுங்கள்" என்று வருபவர்களையும் நம்பாதீர்கள், அது அடுத்த மோசடி. அவர் போட்டோவைப் போட்டு உங்கள் ஸ்டோரியில் அம்பலப்படுத்தவும் வேண்டாம். கோபம் நியாயமானதுதான், ஆனால் அந்த ஐடியை நடத்துபவர் அவர்தான் என்று போலீஸ் உறுதிசெய்யும் முன்னால் பெயர் சொன்னால், வழக்கு உங்கள் மேலேயே திரும்பலாம்.

வீட்டில் சொல்வது பற்றி. நம் வீடுகளில் இப்படி ஒன்று தெரிந்தால் முதலில் பெண்ணின் போனைத்தான் வாங்கி வைக்கிறார்கள். அது எவ்வளவு அநியாயம் என்பது எனக்குத் தெரியும். போன் போனால் ஆதாரமும் போகிறது, அந்த ஆள் தன் போனில் தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். ஆகவே ஸ்க்ரீன்ஷாட்களை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, யார் பதற்றப்படாமல் கேட்பார்களோ அந்த ஒருவரிடம் முதலில் சொல்லுங்கள். அம்மாவாக இருக்க வேண்டியதில்லை, அக்காவோ மாமாவோ சித்தியோ போதும். "எனக்கு இப்படி நடக்கிறது, நான் இன்னின்ன செய்திருக்கிறேன், ஸ்டேஷனுக்கு என்கூட வர வேண்டும்" என்று செய்த வேலையோடு சேர்த்துச் சொல்லும்போது, பேச்சு 'நீ ஏன் போட்டோ போட்டாய்' என்பதில் நிற்காமல் அடுத்து என்ன செய்யலாம் என்பதற்குப் போகும். யாருமே இல்லையென்றால் பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள்.

ஸ்டேஷனுக்குப் போன பிறகு அவர் வீட்டார் சமாதானம் பேச வருவார்கள், "பையன் எதிர்காலம்" என்பார்கள். ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் விருப்பம், யாரும் அவசரப்படுத்தக் கூடாது. ஒப்புக்கொண்டால், அவர் நடத்திய எல்லா ஐடியின் பெயரும் அவர் கையெழுத்தோடு எழுத்தில் வர வேண்டும், உங்கள் படங்கள் அவர் போனிலிருந்து அதிகாரி முன்னிலையில் நீக்கப்பட வேண்டும், எழுதிக்கொடுத்ததன் நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். உங்களிடம் இருக்கும் ஸ்க்ரீன்ஷாட்களை மட்டும் அதன் பிறகும் அழிக்காதீர்கள்.